பேப்பரில் ஒரு 'எம்டன்' கட்டுவோமா? 118 செ.மீ. காகிதக் கப்பல் கற்றுத்தருவது என்ன?

"அவன் சரியான எம்டன்ப்பா!" இந்த வார்த்தையைக் கேட்காத தமிழ் வீடு குறைவு. கில்லாடி, யாருக்கும் பிடிபடாதவன், எதற்கும் துணிந்தவன் என்று இடத்துக்கு ஏற்ப அர்த்தம் மாறும். இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல் இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியும். முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு, சென்னை மீது குண்டு வீசிய கப்பல் அது.

சரி, அந்தக் கப்பல் எப்படி இருந்தது? எவ்வளவு நீளம்? எத்தனை புகைபோக்கி? பீரங்கிகள் எங்கே இருந்தன? இங்கேதான் நாம் மாட்டிக்கொள்வோம். மொபைலில் தேடினால் படம் வரும். பார்த்துவிட்டு அடுத்த நிமிடமே மறந்தும் விடுவோம்.

மறக்காமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. அந்தக் கப்பலை நாமே காகிதத்தில் கட்டுவது.

"சின்ன வயசுல மழைத் தண்ணியில விட்டோமே, அந்தக் கப்பலா?" என்று கேட்காதீர்கள். நான் சொல்வது ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான, ஆயிரக்கணக்கான துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்யும் கப்பல். ஏணி, நங்கூரம், படகு, கைப்பிடிக் கம்பி வரை எல்லாம் அதில் இருக்கும். ஒரு போர்க்கப்பலைப் புரிந்துகொள்ள நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்பது என் கருத்து. பிளாஸ்டிக் கிட், 3டி பிரிண்டர் இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது?

காகித மாடல் என்பது ஐரோப்பாவில் பழைய பழக்கம். அச்சிட்ட தாளில் இருக்கும் பாகங்களை வெட்டி, மடித்து, ஒட்டினால் கட்டிடமோ ரயிலோ கப்பலோ தயார். ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரில் 1831-ல் தொடங்கிய ஷ்ரைபர் பதிப்பகம் இந்த வகைத் தாள்களுக்குப் பேர்போனது. வட கடலோரக் கடற்படை ஊரான வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனின் பெயரிலேயே ஒரு மாடல் தாள் வரிசை உண்டு. ஜெர்மன் கப்பல் மாடல்களில் பெரும்பாலானவை 1:250 அளவில் வரும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் பொம்மை செய்யும் பொருட்களுக்குத் தட்டுப்பாடு. அப்போது அஞ்சலட்டை அளவுத் தாள்களில் அச்சான 'மைக்ரோமாடல்ஸ்' பிரபலமானது. போலந்தில் 1957-ல் 'மாவி மொடெலாஷ்' என்ற இதழ் தொடங்கியது. 'சின்ன மாடல் கலைஞன்' என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம். வெளிநாட்டு பிளாஸ்டிக் கிட்டுகள் எளிதாகக் கிடைக்காத அந்த நாட்டில், மலிவான தாளும் கத்திரிக்கோலும் ஒரு பெரிய கைவினை மரபையே வளர்த்துவிட்டன. இன்றும் 1:200 அளவில் மிக நுணுக்கமான போர்க்கப்பல் தாள்கள் என்றால் போலந்துதான் முதலில் நினைவுக்கு வரும்.

கவனியுங்கள். இரண்டு இடத்திலும் இது பணக்காரர்களின் பொழுதுபோக்காக வளரவில்லை. கையில் வேறு எதுவும் இல்லாதபோது காகிதம் இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் கணக்கு

எம்டனின் நீளம் 118.3 மீட்டர். அகலம் 13.5 மீட்டர். இதை 1:200 அளவில் செய்தால் 59 செ.மீ. நீளம் வரும். ஒரு புத்தக அலமாரியில் வைத்துவிடலாம். 1:100 அளவில் செய்தால் 118 செ.மீ. இதற்கு ஒரு மேஜையே வேண்டும். வீட்டில் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுவது நல்லது!

1:200 அளவில் வாங்கிய தாளை 1:100 ஆக்குவது எளிது. ஒவ்வொரு பக்கத்தையும் இரட்டிப்பாக்கினால் போதும். ஏ4 தாள் ஏ2 ஆகிவிடும். ஆனால் இரட்டிப்பாக்கினால் நுணுக்கம் தானாக வந்துவிடாது. சின்ன அளவில் வெறும் கோடாக வரைந்திருந்த கதவு, பெரிய அளவில் தட்டையாகத் தெரியும். அதற்குக் கைப்பிடி, கீல், விளிம்பு எல்லாம் நாம்தான் சேர்க்க வேண்டும்.

நான் 1:100 என்று சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கணக்கு மனதில் நிற்கும். நிஜத்தில் ஒரு மீட்டர் என்றால் மாடலில் ஒரு செ.மீ. 170 செ.மீ. உயரமுள்ள மாலுமி இங்கே 1.7 செ.மீ. பென்சிலின் பின்னால் இருக்கும் ரப்பரைவிடக் கொஞ்சம் உயரம். அந்த அளவில் ஒரே ஒரு மனிதனை வெட்டி மேல்தளத்தில் நிறுத்திப் பாருங்கள். கப்பல் எவ்வளவு பெரியது என்பதைவிட, எவ்வளவு ஒடுக்கமானது என்பதுதான் முதலில் உறைக்கும். நீளம் அகலத்தைப்போல கிட்டத்தட்ட 9 மடங்கு. வேகத்துக்காகச் செய்த உடம்பு அது. 23 நாட்டுக்கும் மேல், அதாவது மணிக்கு 43 கி.மீ. வேகத்தில் போகும். அந்த ஒடுக்கமான உடம்புக்குள் சுமார் 360 பேர் இருந்தார்கள். கூடவே 12 கொதிகலன்கள், இரண்டு நீராவி எஞ்சின்கள், அவற்றுக்கான நிலக்கரி, குண்டுகள், சாப்பாடு.

எண்களாகப் படித்தால் இது மனதில் ஒட்டாது. மேஜையில் பார்க்கும்போது ஒட்டும்.

இரும்புக்கும் காகிதத்துக்கும் என்ன உறவு?

இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

பிளாஸ்டிக் கிட்டில் கப்பலின் உடல் அச்சில் வார்த்து வரும். இரண்டு பாதிகளை ஒட்டினால் வேலை முடிந்தது. 3டி பிரிண்டரில் அதுவும் வேண்டாம், ஃபைலைக் கொடுத்தால் போதும். ஆனால் நிஜக் கப்பலை யாரும் வார்ப்பதில்லை. அது தட்டையான இரும்புத் தகடுகளால் கட்டப்படுகிறது. 1908-ல் டான்சிக் தளத்திலிருந்து கடலில் இறங்கிய எம்டனும் அப்படித்தான். தகடுகளை வெட்டி, வளைத்து, தறையாணி அடித்து இணைத்தார்கள்.

காகிதமும் தட்டையான பொருள்தான். இரும்புத் தகடு எதைச் செய்ய மறுக்குமோ, அதையே காகிதமும் மறுக்கும். ஒரு தாளை உருளையாகச் சுருட்டலாம், கூம்பாகச் சுருட்டலாம். ஆனால் கிண்ணம்போல ஒரே நேரத்தில் இரண்டு திசையில் வளைக்க முடியாது. சந்தேகம் இருந்தால் ஓர் ஆரஞ்சுப் பழத்தை ஏ4 தாளில் சுருக்கமில்லாமல் சுற்றிப் பாருங்கள். இரும்பை அப்படி வளைக்கச் சூடாக்கி அடிக்க வேண்டும். செலவும் நேரமும் கூடும். அதனால்தான் கப்பல் கட்டுபவர்கள் நடுப்பகுதியை முடிந்தவரை நேராக வைத்து, கடினமான வளைவுகளை முன்முனைக்கும் பின்முனைக்கும் ஒதுக்குகிறார்கள்.

காகித மாடலிலும் அதே கதைதான். நடுப்பகுதியின் பக்கச் சுவர் ஒரே மாலையில் ஒட்டிவிடும். எம்டனின் முன்முனை தண்ணீருக்கு அடியில் மூக்குபோல முன்னால் நீண்டிருக்கும். அதைச் செய்ய வாரக்கணக்கில் ஆகலாம். இதழ் இதழாகப் பிளந்து, ஒவ்வொன்றாக வளைத்து, விளிம்போடு விளிம்பாகச் சேர்க்க வேண்டும். எங்கே உங்கள் கை திணறுகிறதோ, அங்கேதான் நிஜக் கப்பல் கட்டியவர்களும் திணறியிருப்பார்கள்.

கட்டும் வரிசையும் ஒன்றே. நம் ஊர்க் கடற்கரையில் நாட்டுப் படகு கட்டும் ஆசாரிகள் அடிமரத்தை 'ஏரா' என்பார்கள். அதன்மேல் விலா எலும்புபோல நிற்கும் குறுக்கு மரங்களுக்கு 'வங்கு' என்று பெயர். காகிதக் கப்பலிலும் முதலில் ஏரா, பிறகு வங்குகள். கெட்டி அட்டையில் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று பள்ளம் பொருந்தும்படி சொருக வேண்டும். அதற்குமேல் தளம், பிறகு பக்கச் சுவர்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. கண்ணாடிப் பலகை போன்ற சமதளத்தில் வைத்துத்தான் எலும்புக்கூட்டைக் கட்ட வேண்டும். இங்கே ஒரு மி.மீ. முறுக்கிக்கொண்டால் கடைசி வரை அது போகாது. கம்பங்கள் சாயும், புகைபோக்கிகள் வரிசை தப்பும். மேலே எவ்வளவு அழகு செய்தாலும் அடியில் நடந்தது தெரிந்துவிடும்.

1 மி.மீ. அட்டை சொல்லும் கதை

1:100 அளவில் இன்னொரு வசதி. காகிதத்தின் தடிமனே பேச ஆரம்பித்துவிடும்.

சண்டையின்போது கேப்டன் நின்று கட்டளையிடும் கவச அறையின் சுவர் 100 மி.மீ. இரும்பு. மாடலில் அது சரியாக 1 மி.மீ. அட்டை. மேல்தளத்துக்குக் கீழே எஞ்சின்களை மூடியிருந்த கவசத் தளம் அதிகபட்சம் 80 மி.மீ. மாடலில் 0.8 மி.மீ. பீரங்கிக்கு முன்னால் இருந்த தடுப்பு 50 மி.மீ., மாடலில் அரை மில்லிமீட்டர். பக்கச் சுவருக்கோ பெரிய போர்க்கப்பல்களில் இருப்பதுபோல கவசப் பட்டையே கிடையாது. ஓரமாகக் குவித்திருந்த நிலக்கரிதான் ஓரளவுக்குப் பாதுகாப்பு. அங்கே ஒட்டப்போவது வெறும் தாள்.

எம்டனில் 10.5 செ.மீ. வாய் கொண்ட பீரங்கிகள் 10 இருந்தன. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கத்துக்கு மூன்று. ஆக, ஒரு பக்கமாகத் திருப்பிச் சுட்டால் ஐந்துதான் பேசும். 1914 நவம்பர் 9-ம் தேதி, கோகோஸ் தீவுகள் அருகே எம்டனை எதிர்கொண்ட ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியின் பீரங்கிகளுக்கு வாய் 15.2 செ.மீ. மாடலில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு ஊசியைச் சுற்றி உருட்டுவதா, கொஞ்சம் தடித்த ஊசியைச் சுற்றி உருட்டுவதா என்ற அளவுதான்.

ஆனால் நிஜத்தில் அந்த வித்தியாசம் என்ன செய்தது? எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு கனமான குண்டுகளால் அடிக்கும் வசதியை சிட்னிக்குக் கொடுத்தது. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் எம்டன் சிதைந்து, வடக்கு கீலிங் தீவின் பாறையில் ஏற்றி நிறுத்தப்பட்டது. 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

'எம்டன்' என்றால் யாராலும் அசைக்க முடியாதவன் என்று நாம் அர்த்தம் வைத்திருக்கிறோம். கட்டிப் பார்த்தவருக்குத் தெரியும், அது எவ்வளவு மெல்லிய கப்பல் என்று. அதன் பலம் உடம்பில் இல்லை. வேகத்திலும் ஒளிந்துகொள்வதிலும் கேப்டன் கார்ல் ஃபொன் முல்லரின் மூளையிலும்தான் இருந்தது.

எந்த நாளின் கப்பல்?

பெரிய மாடல் கட்டும் எல்லோரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். கப்பலை எந்தத் தேதியில் நிறுத்தப்போகிறீர்கள்?

சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்த அமைதிக் கால எம்டன் வெள்ளை நிறம். 'கிழக்கின் அன்னம்' என்று செல்லப் பெயர்கூட உண்டு. போருக்கு வந்த எம்டன் சாம்பல் நிறம். அன்னத்தைக் கட்டுவதா, வேட்டைக்காரனைக் கட்டுவதா?

அடுத்தது புகைபோக்கி. எம்டனுக்கு மூன்று. அது ஆபத்து, ஏனென்றால் தூரத்திலிருந்தே எண்ணிப் பார்த்து ஜெர்மன் கப்பல் என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால் கித்தானும் மரச் சட்டமும் கொண்டு நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தினார்கள். பார்ப்பவர்களுக்கு அது பிரிட்டிஷ் கப்பல்போலத் தெரியும். 1914 அக்டோபர் 28-ம் தேதி விடிகாலையில் பினாங்கு துறைமுகத்துக்குள் எம்டன் நுழைந்தது இந்த வேஷத்தில்தான். அங்கே நின்றிருந்த ரஷ்யக் கப்பல் ஷெம்சுக் மூழ்கடிக்கப்பட்டது. வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயும் மூழ்கியது.

ஆக, பினாங்கு எம்டனைக் கட்டினால் புகைபோக்கி நான்கு. நான்காவது நிஜத்திலும் டூப்ளிகேட், மாடலிலும் டூப்ளிகேட். சிங்தாவ் எம்டன் என்றால் மூன்றுதான்.

செப்டம்பர் 22-ம் தேதியைத் தேர்ந்தெடுத்தால்? இருட்டில் சர்ச்லைட் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து, சுமார் 130 குண்டுகளைச் சுட்ட கப்பல். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலும் அடிபட்டது. உயிர்களும் போயின. பயந்துபோன மக்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். குண்டு விழுந்த இடத்தை நினைவூட்டும் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இன்றும் இருக்கிறது. அந்த எம்டனைக் கட்டுபவர், பீரங்கிகளை எந்தப் பக்கம் திருப்பி ஒட்டுவார்? துறைமுகத்தின் பக்கம்தான். ஒட்டும்போது அந்தக் குழாய் யாரைப் பார்த்து நிற்கிறது என்பது கைக்குத் தெரியும்.

இது போரைக் கொண்டாடுவது ஆகாதா?

நியாயமான கேள்வி. போர்க்கப்பல் மாடல் செய்பவர்களைப் பார்த்து அடிக்கடி கேட்கப்படுவதும் இதுதான். மாடல் எப்போதும் சுத்தமாக இருக்கும். புகை கிடையாது, ரத்தம் கிடையாது, நிலக்கரித் தூசு கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஆயுதத்தை நகைபோல வைத்துப் பார்க்கிறோம். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது என்பதை நானும் ஏற்கிறேன்.

ஆனால் அந்த ஆபத்து ரெடிமேடாக வாங்கி வைப்பதில்தான் அதிகம். கடையில் வாங்கிய கப்பலுக்குத் தேதி கிடையாது. கட்டுபவருக்கு அப்படித் தப்பிக்க வழியில்லை. ஒவ்வொரு படகையும் ஒட்டும்போது, இத்தனை பேருக்கு இத்தனை படகு போதுமா என்று எண்ணத் தோன்றும். கொதிகலன் அறைக்கு மேலே உள்ள காற்றுக் குழாய்களைச் சுருட்டும்போது, வங்கக் கடல் வெயிலில் கீழே நின்று நிலக்கரி அள்ளிப் போட்டவனின் நினைவு வரும். முல்லர், பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளை மரியாதையாக நடத்தியவர் என்று எதிரி நாட்டுப் பத்திரிகைகளே எழுதின. அதே மனிதரின் கப்பல்தான் பினாங்கில் நின்றுகொண்டிருந்தவர்களைச் சுட்டது. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து யோசிக்க நேரம் வேண்டும். மாதக்கணக்கில் நீளும் ஒரு வேலை அந்த நேரத்தைக் கொடுக்கிறது.

ஒரு யோசனை: எந்த நாளின் கப்பல், அன்று என்ன நடந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை மாடலின் அடிப்பலகையில் இரண்டு வரியில் எழுதி ஒட்டுங்கள். என்னைக் கேட்டால், அந்தத் துண்டுக் காகிதம் இல்லாத போர்க்கப்பல் மாடல் முடியாத மாடல்தான்.

"இதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு?"

ஐடி வேலை, டிராஃபிக், வீட்டு வேலை எல்லாம் போக மிச்சம் இருப்பது அரை மணி நேரம்தான் என்று சொல்வீர்கள். காகித மாடலுக்கு அது போதும். பெயின்ட் வாசனை கிடையாது, மெஷின் சத்தம் கிடையாது, தனி அறை வேண்டாம். ஒரு மாலைக்கு ஒரு படகு. அடுத்த மாலைக்கு ஒரு பீரங்கி. பத்து பீரங்கிக்குப் பத்து மாலை. ஏழாவது நாள் சலிப்பு வரும், நிச்சயம் வரும். பத்தாவது பீரங்கி முதலாவதைவிட நன்றாக வந்திருப்பதைப் பார்க்கும்போது அது போய்விடும்.

நேராக எம்டனில் குதிக்க வேண்டாம். முதலில் ஒரு இழுவைப் படகோ கலங்கரை விளக்கமோ செய்து பாருங்கள். தேவையானவை கொஞ்சம்தான்: கூர்மையான கட்டர், ஸ்டீல் ஸ்கேல், வெட்டுவதற்கு ஒரு மேட், கெட்டியான தாள், ஃபெவிகால். மடிக்கும் முன் எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் கோடு கீறிக்கொண்டால் மடிப்பு நேராக விழும். வெட்டிய விளிம்பில் வெள்ளை தெரியும், அதே நிறத்தை லேசாகத் தடவினால் மறைந்துவிடும். பசையை அதிகம் பூசினால் தாள் ஊறி நெளியும், குறைவாகத் தொட்டு வைப்பதே நல்லது. பெரிய பரப்புகளுக்குத் தண்ணீர் கலக்காத பசை நல்லது. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று காகிதத்துக்கு ஆகாது. முடித்தவுடன் வார்னிஷ் ஸ்பிரே அடித்து, மூடிய பெட்டியில் வையுங்கள்.

இன்னொன்று. மாடல் தாள்களை யாரோ ஸ்கேன் செய்து இலவசமாகப் பகிர்வது சகஜமாகிவிட்டது. தயவுசெய்து காசு கொடுத்து வாங்குங்கள். ஒரு வடிவமைப்பாளர் பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு வளைவையும் தட்டையான தாளில் விரித்துக் கொடுக்க நீண்ட காலம் உழைக்கிறார். அந்தக் கணக்கை அவர் போட்டதால்தான் நம் வேலை வெறும் வெட்டி ஒட்டும் வேலையாக இருக்கிறது. வாங்குபவர்கள் இல்லாமல் போனால் அடுத்த கப்பலை யாரும் வரைய மாட்டார்கள்.

நம் மொழிக்குள் ஒரு கப்பல் நூறு வருஷத்துக்கும் மேலாக மிதந்துகொண்டிருக்கிறது. அதை நாம் சொல்லாக மட்டும் வைத்திருக்கிறோம். மூன்று புகைபோக்கியும், அரை மில்லிமீட்டர் தடுப்பும், 360 மனிதர்களும் கொண்ட நிஜப் பொருளாக அதை ஒருமுறை கையால் கட்டிப் பார்த்தால், "அவன் ஒரு எம்டன்" என்று அடுத்த தடவை யாராவது சொல்லும்போது உங்களிடம் ஒரு கேள்வி இருக்கும்: "எந்தத் தேதி எம்டன்?"